தொப்பை வளர்கிறது, கை கால் இளைக்கிறது: வாசகர் கேள்வி பதில்

டயாலிசிஸில் இருப்பவர்களின் எடை, பசி, தொப்பை, இவற்றை ஆட்டிவைக்கும் ஹார்மோன்கள் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். மருந்து அளவையோ, உலர் எடையையோ (உடம்பில் கூடுதல் நீர் இல்லாதபோது இருக்க வேண்டிய எடை) மாற்ற வேண்டியவர் உங்கள் சிறுநீரக மருத்துவர்தான். அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதை இங்கே சொல்கிறோம்.

கேள்வி: என் கணவருக்கு வயது 52. ஒன்றரை வருடமாக வாரம் மூன்று நாள் ஹீமோடயாலிசிஸ் (இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்திகரிப்பது). கையும் காலும் குச்சியாகிவிட்டன. வயிறு மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கிறது. டயாலிசிஸ் முடிந்து பார்த்தால் எடை அதே 64 கிலோ. "எடைதான் குறையவில்லையே, அப்புறம் என்ன கவலை?" என்கிறார். அவர் சொல்வது சரியா?

பதில்: சரியில்லை. தராசுக்குத் தசை, கொழுப்பு, நீர் என்ற பேதம் தெரியாது. நாலு கிலோ தசை கரைந்து, அந்த இடத்தில் இரண்டு கிலோ கொழுப்பும் இரண்டு லிட்டர் நீரும் வந்து உட்கார்ந்தாலும் முள் 64-லேயே நிற்கும். நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் அப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

தசை ஏன் கரைகிறது? சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதோடு இன்சுலினின் வேலை முடிவதில்லை. தசைப் புரதம் உடையாமல் காப்பதும் அதுதான். சிறுநீரகம் செயலிழந்தவர்களின் தசை இன்சுலினின் பேச்சைச் சரியாகக் கேட்பதில்லை. வளர்ச்சி ஹார்மோன் கதையும் அதேதான். ரத்தத்தில் போதிய அளவு இருக்கும், சில சமயம் கூடுதலாகவே இருக்கும். ஆனால் அதன் கட்டளை செல்லுக்குள் எட்டாது. ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவது வெகு சாதாரணம். ரத்தத்தில் அமிலம் தேங்கினால் தசைப் புரதம் உடைவது இன்னும் வேகமாகும். போதாததற்கு, ஒவ்வொரு டயாலிசிஸிலும் 6 முதல் 12 கிராம் வரை அமினோ அமிலங்கள் வெளியேறிவிடுகின்றன. நடமாட்டமும் குறைந்துபோவதால், செலவாகாத கலோரி வயிற்றுக்குள் கொழுப்பாகப் போய்ச் சேர்கிறது.

இதில் முதலில் பார்க்க வேண்டியது நீர். தசை குறைந்த பிறகும் உலர் எடையை 64 என்றே வைத்திருந்தால், ஒவ்வொரு முறையும் ஓரிரு லிட்டரை உடம்பிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று பொருள். ரத்த அழுத்தம் மாத்திரைக்கு அடங்காமல் ஏறும், மாலையில் கணுக்கால் வீங்கும், மட்டமாகப் படுத்தால் மூச்சு வாங்கும். இவற்றில் ஒன்று இருந்தாலும் உலர் எடையை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அரை கிலோ வீதம் படிப்படியாக இறக்கிப் பார்ப்பது வழக்கம்.

தசையின் கணக்கை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக இணைத்த ரத்தக்குழாய்) இல்லாத கையில், தோள் எலும்பின் நுனிக்கும் முழங்கை நுனிக்கும் நடுவே ஒரு புள்ளி வைத்து, அந்த இடத்தின் சுற்றளவை மாதம் ஒருமுறை, டயாலிசிஸ் முடிந்த பிறகு அளந்து எழுதுங்கள். ஒரே ஆள், ஒரே டேப், ஒரே புள்ளி. மாதாமாதம் எண் இறங்கினால் அதை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்னொரு அடையாளம் ரத்தப் பரிசோதனைச் சீட்டிலேயே இருக்கிறது. டயாலிசிஸுக்கு முந்தைய கிரியேட்டினின் 11-லிருந்து 7-க்கு வந்துவிட்டது என்று பலர் மகிழ்ந்துபோகிறார்கள். டயாலிசிஸ் நேரமும் கூடவில்லை, சிறுநீர் அளவும் கூடவில்லை என்றால், அந்த இறக்கத்துக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: கிரியேட்டினினை உண்டாக்கும் தசை குறைந்துவிட்டது.

சாப்பாட்டில், டயாலிசிஸில் இருப்பவருக்கு ஒரு கிலோ எடைக்குத் தினமும் 1.0 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். உங்கள் கணவருக்கு 64 முதல் 77 கிராம். கலோரி, கிலோவுக்கு 25 முதல் 35. அதாவது 1,600 முதல் 2,240 வரை. டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன் "புரதத்தைக் குறை" என்று சொல்லியிருப்பார்கள். அந்தப் பழைய அறிவுரையையே இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறவர்கள் நிறைய பேர். ரத்தத்தில் பாஸ்பரஸ் ஏறிவிடுமோ என்ற பயம் இருந்தால் முட்டையின் வெள்ளைக்கரு நல்ல வழி: ஒன்றில் சுமார் மூன்றரை கிராம் புரதம், பாஸ்பரஸ் மிகச் சொற்பம். கூடவே தசைக்கு வேலை கொடுக்க வேண்டும். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவதில் தொடங்கலாம். தசைக்கு வேலை இல்லாமல் புரதத்தை மட்டும் கூட்டினால் பலன் பாதிதான்.

கேள்வி: அம்மாவுக்குப் பசியே இல்லை. இரண்டு வாய் சாப்பிட்டால் போதும் என்கிறார். சிறுநீரக நோயாளிகளுக்கு "லெப்டின்" ஏறிவிடுவதால்தான் பசி போகிறது என்று படித்தேன். அதைப் பரிசோதித்து, குறைக்க மருந்து கொடுக்கலாமா?

பதில்: 1994-இல் கண்டுபிடிக்கப்பட்ட லெப்டின், கொழுப்புச் செல்கள் சுரக்கும் ஹார்மோன். "கையிருப்பு போதும், சாப்பாட்டை நிறுத்து" என்று மூளைக்குச் சொல்லியனுப்புவது அதுதான். வேலை முடிந்த லெப்டினை ரத்தத்திலிருந்து எடுத்து உடைப்பதில் பெரும்பங்கு சிறுநீரகத்துடையது. வடிகால் அடைத்துக்கொண்டால் தொட்டி நிரம்புவதுபோல, கொழுப்பு கூடாமலேயே லெப்டின் அளவு கூடிவிடும். மெலிந்தவருக்கும் ஏறும். பெண்களுக்கு இயல்பாகவே இது அதிகம்.

சாதாரண டயாலிசிஸ் இதைத் துப்புரவு செய்யாது. யூரியாவின் மூலக்கூறு எடை 60, லெப்டினுக்கோ 16,000. யூரியா நுழையும் துளையில் லெப்டின் நுழைய முடியாது. துளை பெரிதான ஹை-ஃப்ளக்ஸ் வடிகட்டியும் ஹீமோடயாஃபில்ட்ரேஷன் என்ற டயாலிசிஸ் முறையும் ஓரளவு இழுக்கும். ஆனாலும் லெப்டின் இறங்கியதுமே பசி வந்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது, ஏனென்றால் பசியைக் கெடுப்பது இது ஒன்று மட்டுமில்லை. இரைப்பையில் சுரக்கும் கிரெலின் என்ற பசி ஹார்மோனுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்று பசியைத் தூண்டும். அந்த வேலையைச் செய்யாத மற்றொன்றுதான் சிறுநீரகச் செயலிழப்பில் மிகுதியாகத் தேங்குகிறது. நாள்பட்ட அழற்சியும் தன் பங்குக்கு மூளையின் பசி மையத்தை அமுக்குகிறது.

ஆகவே லெப்டின் பரிசோதனைக்குச் செலவழிக்காதீர்கள். எண் தெரிந்தாலும் சிகிச்சை மாறப்போவதில்லை. அதைக் குறைக்கவென்று பழக்கத்தில் மருந்தும் இல்லை.

வேறு இடங்களில் தேடுங்கள். முதலில், டயாலிசிஸ் போதுமான அளவு நடக்கிறதா? வாரம் மூன்று முறை செய்பவருக்கு, கழிவு எவ்வளவு நீங்கியது என்பதைக் காட்டும் கேடி/வி என்ற எண் ஒவ்வொரு முறையும் 1.2-க்குக் குறையக் கூடாது, 1.4 இருந்தால் நல்லது. கால் மணி நேரம் முன்னதாக இறங்கிவிடும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள். அடுத்து, ரத்தத்தில் அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட்: டயாலிசிஸுக்கு முன் 22-க்குக் கீழே இருந்தால் சரிசெய்ய வேண்டும். பிறகு சிஆர்பி என்ற ரத்தப் பரிசோதனை. இது ஏறியிருந்தால் எங்கோ அழற்சி ஒளிந்திருக்கிறது. ஈறு, டயாலிசிஸ் குழாய் (கதீட்டர்) நுழையும் இடம், ஆறாத கால் புண், முன்பு மாற்றிப் பொருத்திச் செயலிழந்துபோன சிறுநீரகம் ஆகிய நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். மலச்சிக்கலை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் பாஸ்பரஸைக் குறைக்கும் மாத்திரையால் வயிறு கட்டிக்கொண்டு, அதனால் சாப்பாடு இறங்காமல் போவது நிறையவே உண்டு. சர்க்கரை நோயும் இருந்தால் இரைப்பை மெதுவாகக் காலியாகும்; இரண்டு வாயில் நிறைந்துவிடும். அவருக்கு மூன்று வேளை என்பதை ஆறு சிறு வேளையாகப் பிரித்துப் பாருங்கள்.

பசியைத் தூண்ட மெஜெஸ்ட்ரால் என்ற மருந்து சில இடங்களில் எழுதித் தரப்படுகிறது. எடை ஏறும்தான். ஏறுவதில் பெரும்பகுதி கொழுப்பு, தசை அல்ல. ரத்தம் உறையும் அபாயமும் உண்டு. எங்கள் பட்டியலில் அது கடைசியில்தான் வரும்.

கேள்வி: அடிப்போநெக்டின் இதயத்தைக் காக்கும் "நல்ல ஹார்மோன்" என்கிறார்கள். எனக்கு அது இயல்பைவிட இரண்டு மடங்கு இருக்கிறதாம். நல்ல செய்திதானே?

பதில்: சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்குச் சொன்னதை இங்கே பொருத்த முடியாது. கொழுப்புச் செல்கள் சுரக்கும் இந்த ஹார்மோன், உடல் பருமனானால் குறையும், மெலிந்தால் கூடும். சிறுநீரகச் செயலிழப்பில் இரண்டு, மூன்று மடங்கு ஏறுவது வழக்கம். மாற்றுச் சிறுநீரகம் வேலை செய்யத் தொடங்கியதும் இறங்கும். டயாலிசிஸ் நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகளில் சில இதை நன்மையோடும், வேறு சில கூடுதல் மரணத்தோடும் இணைத்துக் காட்டின. உடல் மெலிந்து நலிந்தவர்களுக்கும் இது ஏறும் என்பது இந்த முரணுக்கு ஒரு விளக்கம். உயர்ந்த எண்ணைப் பார்த்து மகிழவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். அதை "ஏற்றித் தருவதாக" விற்கப்படும் மாத்திரைகளைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: எட்டு மாதமாக வீட்டிலேயே வயிற்று டயாலிசிஸ் செய்கிறேன். ஏழு கிலோ ஏறிவிட்டது. முன்பைவிடக் குறைவாகத்தான் சாப்பிடுகிறேன். எங்கிருந்து வருகிறது இந்தச் சதை?

பதில்: பையிலிருந்து. உடம்பிலிருந்து நீரை இழுப்பதற்காக, பையிலிருந்து வயிற்றுக்குள் விடும் திரவத்தில் டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரையைக் கலந்திருக்கிறார்கள். வயிற்றுக்குள் தங்கும் நேரத்தில் அதில் சுமார் 60 விழுக்காடு ரத்தத்துக்குள் போய்விடும். இரவு முழுக்க விட்டுவைத்தால் இன்னும் அதிகம். வாய் வழியாகப் போகாததால் நீங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை, உடம்பு சேர்த்துக்கொள்கிறது.

இரண்டு லிட்டர் பையில் 1.5 விழுக்காடு என்றால் 30 கிராம் சர்க்கரை, 2.5 என்றால் 50 கிராம், 4.25 என்றால் 85 கிராம். 60 விழுக்காடு உள்ளே போகிறது, கிராமுக்கு 3.4 கலோரி என்று வைத்துப் பெருக்கினால் ஒரு பைக்கு முறையே 61, 102, 173 கலோரி. ஒரு நாளில் 1.5 ஒன்று, 2.5 இரண்டு, இரவுக்கு 4.25 ஒன்று போடுபவருக்கு 438 கலோரி வருகிறது. மாதத்துக்கு 13,000-க்கு மேல். ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறத்தாழ 7,700 கலோரி. சாப்பாட்டைக் கொஞ்சம் குறைத்தும் நீங்கள் ஏழு கிலோ ஏறியதில் வியப்பில்லை.

குறைக்க வேண்டியது பையின் அடர்த்தியை. அதற்கு வழி உப்பில் இருக்கிறது. 9 கிராம் உப்பு உடம்பில் ஒரு லிட்டர் நீரைப் பிடித்துவைக்கும். உப்பு குறைந்தால் தாகம் குறையும், வெளியே இழுக்க வேண்டிய நீர் குறையும், 4.25 பைக்குத் தேவையே வராமல் போகலாம். வீக்கமில்லாதபோதும் பழக்கத்தால் அடர்த்தியான பையை எடுக்காதீர்கள். இரவு நீண்ட நேரத்துக்கு ஐகோடெக்ஸ்ட்ரின் திரவம் பொருந்துமா என்று கேளுங்கள். அதில் டெக்ஸ்ட்ரோஸ் இல்லை. பெரிய மூலக்கூறு என்பதால் மெதுவாகவே உள்ளே போகும், நீரையும் நெடுநேரம் இழுக்கும்.

ஐகோடெக்ஸ்ட்ரின் போடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அது உடம்பில் மால்டோஸாக உடையும். ஜிடிஹெச்-பிக்யூக்யூ என்ற நொதியைப் பயன்படுத்தும் குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப்புகள் மால்டோஸையும் குளுக்கோஸ் என்றே எண்ணிவிடும். உண்மையில் சர்க்கரை 60-க்கு இறங்கியிருக்கும்போது மீட்டர் 180 காட்டலாம். அதை நம்பி இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து. ஸ்ட்ரிப் டப்பாவில் நொதியின் பெயரைப் பார்த்து வாங்குங்கள். வேறு மருத்துவமனையில் சேர நேர்ந்தால் உள்ளே போனதும் இதைச் சொல்லுங்கள். திரவத்தை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை இந்தக் குழப்பம் நீடிக்கலாம்.

சாப்பாட்டைக் குறைக்கும்போது புரதத்தில் கை வைக்காதீர்கள். வயிற்று டயாலிசிஸில் நாளொன்றுக்கு 5 முதல் 15 கிராம் புரதம் வடிந்துபோகிறது. சர்க்கரை ஏற்கெனவே பையில் வந்துவிடுவதால், குறைக்க வேண்டியது இனிப்பும் மாவும் எண்ணெயும்தான்.

கேள்வி: இருபது வருடச் சர்க்கரை நோய். தினம் 48 யூனிட் இன்சுலின் போட்டேன். சிறுநீரகம் கெட்ட பிறகு 22 போதும் என்கிறார்கள், ஹெச்பிஏ1சி 6.1. சர்க்கரை நோய் குணமாகிவிட்டதா?

பதில்: இல்லை. சிறுநீரகம்தான் இன்சுலினை உடைத்து வெளியேற்றும் முக்கிய இடங்களில் ஒன்று. ஊசி மூலம் போடும் இன்சுலினுக்கு அதன் பங்கு இன்னும் பெரிது. அது ஓய்ந்துவிட்டால் போட்ட ஊசி நெடுநேரம் வேலை செய்துகொண்டே இருக்கும். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் (ஜிஎஃப்ஆர்) 50-க்குக் கீழே போனால் கால் பங்கும், 10-க்குக் கீழே போனால் பாதியும் குறைப்பது பழைய கணக்கு. உங்கள் 48, 22 ஆனது அதற்குப் பொருந்துகிறது. பசியில்லாத நாளில் வழக்கமான அளவைப் போட்டுவிட்டுத் தூங்குவதுதான் பெரிய ஆபத்து. அதிகாலை வியர்வை, கெட்ட கனவு, எழுந்ததும் தலைவலி இருந்தால் இரவில் சர்க்கரை இறங்கியிருக்கலாம்.

மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சியையும் அப்படியே நம்ப வேண்டாம். டயாலிசிஸில் சிவப்பணுக்களின் ஆயுள் குறைவு. ரத்தம் ஊற எரித்ரோபொயட்டின் ஊசி போட்டால் புதுச் சிவப்பணுக்கள் அதிகம். சர்க்கரை ஒட்டிக்கொள்ள நாள் போதாததால் எண் பொய்யாகக் குறைந்து தெரியும். விரல் நுனிச் சோதனைகளை எழுதிவைத்துக் காட்டுங்கள்.

கேள்வி: வீட்டில் உள்ள டிஜிட்டல் தராசு கொழுப்பு விழுக்காடும் காட்டுகிறது. டயாலிசிஸுக்குப் போகும்முன் 24, வந்ததும் 27. நாலு மணி நேரத்தில் எப்படி ஏறும்?

பதில்: ஏறவில்லை. அந்தத் தராசு கால் வழியாக மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தித் தடையை அளக்கிறது. நீர் மின்சாரத்தைக் கடத்தும், கொழுப்பு தடுக்கும். மூன்று லிட்டர் நீர் கூடுதலாக இருக்கும்போது தடை குறைந்து, கொழுப்பும் குறைவாகத் தெரியும். நீர் போனதும் எண் ஏறும். டயாலிசிஸ் முடிந்த பிறகு எடுக்கும் அளவுகளை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். பேஸ்மேக்கர் இருப்பவர்கள் இந்தத் தராசில் ஏறவே வேண்டாம்.

கேள்வி: நன்றாகச் சாப்பிடுகிறேன், ஆனாலும் இளைக்கிறேன். பிடிஹெச் 1,100 என்று வந்திருக்கிறது. தொடர்பு உண்டா?

பதில்: இருக்கலாம். பிடிஹெச் என்ற பாராதைராய்டு ஹார்மோன் எலும்பை அரிப்பதோடு நிற்பதில்லை. 2016-இல் வெளியான எலி ஆய்வு ஒன்றில், சிறுநீரகம் செயலிழந்த எலிகளில் இந்த ஹார்மோன் கொழுப்புத் திசுவைச் சேமிப்பு வேலையிலிருந்து வெப்பமாக எரிக்கும் வேலைக்கு மாற்றியது தெரிந்தது. கொழுப்புச் செல்களில் அதன் ஏற்பியை நீக்கியபோது கொழுப்பும் தசையும் கரைவது தடுக்கப்பட்டது. மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் டயாலிசிஸில் இயல்பின் மேல் எல்லையைப் போல இரண்டு முதல் ஒன்பது மடங்கு வரைதான் பிடிஹெச்சை விட்டுவைப்பார்கள். மேல் எல்லை 65 என்று கொண்டால் 1,100 அதைத் தாண்டிவிட்டது; எப்படியும் சிகிச்சை வேண்டும். ஆறு மாதத்தில் எடையில் பத்து விழுக்காடு போயிருந்தால், காசநோய், புற்றுநோய், தைராய்டு ஆகியவற்றையும் தேட வேண்டும்.

கேள்வி: டயாலிசிஸில் குண்டாக இருப்பவர்கள்தான் அதிக நாள் வாழ்கிறார்கள் என்கிறார்கள். எனக்கோ மாற்றுச் சிறுநீரகத்துக்காக எடையைக் குறைக்கச் சொல்கிறார்கள். எது உண்மை? எடை குறைக்கும் ஊசி போடலாமா?

பதில்: இரண்டும் உண்மைதான். ஹீமோடயாலிசிஸ் நோயாளிகளில் பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) கூடியவர்கள் அதிக நாள் வாழ்வது பல நாடுகளிலும் பார்த்த விஷயம். காய்ச்சல், அறுவை சிகிச்சை என்று வரும்போது கையிருப்பு உள்ளவர் தாக்குப்பிடிக்கிறார் என்பது ஒரு காரணம். மெலிந்தவர்களில் பலர் நோயால் மெலிந்தவர்கள் என்பது இன்னொன்று. ஆனால் பிஎம்ஐ தொப்பையையும் தொடையையும் ஒன்றாகவே எண்ணுகிறது. 2009-இல் இத்தாலியில் வந்த ஆய்வு இரண்டையும் பிரித்துப் பார்த்தது: பிஎம்ஐ ஒரே அளவாக உள்ளவர்களில் இடுப்பளவு கூடியவர்களுக்கு மரண அபாயம் கூடியிருந்தது. காப்பாற்றுவதில் தசைக்குப் பங்கு இருக்கலாம், தொப்பைக்கு இல்லை.

மாற்று அறுவைக்குப் பல மையங்கள் பிஎம்ஐ 35 அல்லது 40 என்று எல்லை வைத்திருக்கின்றன, ஏனென்றால் பருமனானவர்களுக்குத் தையல் பிரிவதும் கிருமித் தொற்றும் அதிகம். அதற்காகப் பட்டினி கிடந்தால் முதலில் போவது தசை. மாதம் ஒன்று, ஒன்றரை கிலோவுக்கு மேல் இறக்க வேண்டாம். புரதத்தை 1.0 கிராமுக்குக் கீழே விடாதீர்கள். ஒவ்வொரு கிலோ இறங்கும்போதும் உலர் எடையையும் மாற்றச் சொல்லுங்கள்; மறந்தால் கொழுப்பு போன இடத்தில் நீர் நிற்கும்.

ஊசி விஷயத்தில், 2024-இல் வெளியான ஃப்ளோ ஆய்வில் வாரம் 1 மில்லிகிராம் செமாகுளுடைட் என்ற ஊசி, இரண்டாம் வகைச் சர்க்கரையும் சிறுநீரக நோயும் உள்ளவர்களுக்குப் பெரிய சிறுநீரகப் பாதிப்புகளை 24 விழுக்காடு குறைத்தது. அந்த ஆய்வு டயாலிசிஸில் இருப்பவர்களைச் சேர்க்கவில்லை. டயாலிசிஸில் இதைத் தொடங்குவதாக இருந்தால் மிகக் குறைந்த அளவில், உணவியல் வல்லுநரின் கண்காணிப்பில் மட்டும். ஏற்கெனவே பசியில்லாதவருக்கு இது வேண்டவே வேண்டாம். அறுவைக்கு மயக்க மருந்து கொடுக்கும்முன் இந்த ஊசி போடுவதைச் சொல்லிவிட வேண்டும், இரைப்பை காலியாக நேரமாகும்.

கேள்வி: 38 வயது ஆண். டயாலிசிஸ் தொடங்கிய மூன்றாவது மாதம் மார்பு பெண்களுக்குப்போல் புடைத்து, தொட்டால் வலிக்கிறது. கொழுப்பா?

பதில்: காம்புக்கு நேர் கீழே நாணயம்போலத் தட்டையாக, கெட்டியாக ஒன்று கைக்குத் தட்டுப்பட்டால் அது சுரப்பித் திசு. கொழுப்பு மெத்தென்று இருக்கும், வலிக்காது. சிறுநீரகச் செயலிழப்பில், பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறி, டெஸ்டோஸ்டிரோன் இறங்குவதால் இது வருகிறது. டயாலிசிஸ் தொடங்கிய புதிதில் வந்து சில மாதங்களில் தானாகச் சுருங்குவதும் உண்டு. மாத்திரைகளைப் பாருங்கள்: ஸ்பைரனோலாக்டோன், டோம்பெரிடோன், மெட்டோகுளோபிரமைடு மூன்றும் இதைச் செய்யக்கூடியவை. ஒரு பக்கம் மட்டும் கல்போல இருந்தாலோ, காம்பில் ரத்தம் கசிந்தாலோ தாமதிக்காமல் காட்டுங்கள்.

கேள்வி: மாற்றுச் சிறுநீரகம் பொருத்தி ஏழு மாதம். ஒன்பது கிலோ கூடி, முகம் நிலவுபோல ஆகிவிட்டது. ஸ்டீராய்டை நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்தினால் உடம்பு அந்தச் சிறுநீரகத்தை நிராகரித்துவிடலாம். உடம்பின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பியும் இத்தனை மாதம் தூங்கிவிட்டதால் ரத்த அழுத்தம் திடீரென்று விழலாம். முதல் வருடத்தில் 5 முதல் 10 கிலோ ஏறுவது வழக்கம். தேங்கியிருந்த லெப்டின் இறங்குகிறது, வாய்க்கு ருசி திரும்புகிறது, உணவுத் தடை விலகுகிறது, ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு பசியைக் கிளப்பிக் கொழுப்பை முகத்துக்கும் பிடரிக்கும் வயிற்றுக்கும் அனுப்புகிறது. அளவு குறையக் குறைய முகம் வடியும். வயிறு தானாக வடியாது. நிராகரிப்பைத் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தும் சேர்ந்தால் புதிதாகச் சர்க்கரை நோய் வரலாம் என்பதால், வெறும் வயிற்றுச் சர்க்கரையோடு மதியம் சாப்பிட்ட பிறகும் பார்க்க வேண்டும். காலையில் போடும் ஸ்டீராய்டின் வேகம் பிற்பகலில்தான் தெரியும்.

கேள்வி: இடுப்பளவை எங்கே, எப்போது அளப்பது? வயிற்று டயாலிசிஸில் இருக்கிறேன்.

பதில்: திரவத்தை முழுக்க வடித்த பிறகு, அடுத்த பையை விடும் முன். நின்றுகொண்டு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் டேப்பை இறுக்காமல் சுற்றுங்கள். தொப்புளை அடையாளமாக வைக்க வேண்டாம், தொப்பை சரியச் சரிய அதுவும் இறங்கிக்கொண்டே போகும். கதீட்டர் வெளிவரும் இடத்தை டேப் அழுத்தக் கூடாது. குறுக்கே வந்தால் ஒரு விரற்கடை மேலே நகர்த்தி, அடுத்த மாதமும் அதே இடத்தில் அளக்கவும். உங்கள் உயரத்தில் பாதிக்கு மேல் இருந்தால் தொப்பை கூடுதல்.